பாஞ்சோ: பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்விகள்

கூடத்துச் சுவரில் ஒரு பாஞ்சோ தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன், இனிமேல் இணைப்பை அனுப்பிவிடலாம்.

பாஞ்சோ என்றால் அந்தப் பொத்தான் வைத்த புல்புல்தாராதானே?

இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நானே காசு கொடுத்திருக்கிறேன். முதல்முறை ஆன்லைனில் பாஞ்சோ என்று தேடி, படத்தைச் சரியாகப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே டைப்ரைட்டர் போல வரிசையாகப் பொத்தான் வைத்த நீளப் பலகை. கடைக்காரரிடம் கேட்டால் "இந்தியன் பாஞ்சோன்னுதான் சார் போட்டிருக்கோம்" என்றார், பார்த்தால் அப்படித்தான் போட்டிருந்தது.

புல்புல்தாராவின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1912-இல் நகோயாவில் மொரிதா கோரோ என்பவர் உருவாக்கிய தாய்ஷோகோதோ என்ற வாத்தியம் இந்தியாவுக்கு வந்து புல்புல்தாரா ஆனது. ஒரு கையால் பொத்தானை அழுத்தி மறு கையால் மீட்ட வேண்டும். கவ்வாலியில் கேட்டிருப்பீர்கள். மும்பையில் பிள்ளையார் ஊர்வலத்துக்கு முன்னால் போகிற "பேஞ்சோ பார்ட்டி"யில் ஒலிபெருக்கியில் அலறுவதும் இதுதான். நல்ல வாத்தியம், ஆனால் இந்தப் பக்கத்தில் நான் பேசப்போவது அமெரிக்காவில் வளர்ந்த, வட்டத் தோலும் நீளக் கழுத்தும் உள்ள பாஞ்சோவைப் பற்றி மட்டும்.

சரி, கிட்டாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பாஞ்சோ அடிப்படையில் ஒரு பறைக்குக் கழுத்து வைத்துத் தந்தி கட்டியது. மரவளையத்தின் மேல் தோல், அதை இழுத்துப் பிடிக்க இரும்பு வளையம், சுற்றிலும் கொக்கியும் நட்டும். இப்போதைய தவிலில் வாருக்குப் பதிலாக போல்ட் போட்டு இறுக்குகிறார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. ஒரு சாதாரண ஐந்து தந்திப் பாஞ்சோவின் தோல் 11 அங்குலக் குறுக்களவு இருக்கும், சுற்றிலும் 24 கொக்கிகள் வரை இருக்கும். தோலின் மேல் ஒட்டாமல் கொள்ளாமல் சும்மா நிற்கிறது குதிரை, அதாவது தந்திகளைத் தாங்குகிற சின்ன மரத்துண்டு. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதனால் ஒரு விஷயம் நடக்கிறது, பாஞ்சோவைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்பது என் கட்சி. தந்தியின் அதிர்வைத் தோல் சட்டென்று வாங்கி மொத்தமாக வெளியே கொட்டிவிடுகிறது. அதனால் சத்தம் பெரிசு, ஆயுள் குறைவு. கிட்டாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது கரைவதை ரசிக்கலாம். பாஞ்சோவில் மீட்டினால் "டங்" என்று கேட்கும், அவ்வளவுதான், போய்விடும். அப்புறம் வருகிற மௌனத்தை என்ன செய்வது? இத்தனை வகைப் பாஞ்சோ வாசிப்பும் அந்த ஒரு கேள்விக்கு வெவ்வேறு ஊர்க்காரர்கள் சொன்ன பதில்தான்.

ஐந்தாவது தந்தி ஏன் கழுத்தின் பாதியில் தொடங்குகிறது? உடைந்துவிட்டதா?

உடையவில்லை, அது அப்படித்தான். கட்டைவிரல் பக்கம், ஐந்தாவது மெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) பக்கத்தில் அதற்குத் தனியாக ஒரு பிரடை, அதாவது தந்தியை முறுக்குகிற ஆணி, இருக்கும். கிட்டார் மாதிரி வாத்தியங்களில் மேலே இருக்கிற தந்திதான் தடிமனாக, கீழ் ஸ்தாயியாக இருக்கும். இங்கே தலைகீழ், மேலே இருக்கிற இந்தக் குட்டைத் தந்திதான் இருப்பதிலேயே உச்சம். இடது கை பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. ஒரே ஸ்வரத்தில் நடுநடுவே "டிங், டிங்" என்று ஒலித்துக்கொண்டே இருக்கும்.

வீணை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீணையின் பக்கவாட்டில் மூன்று தாளத்தந்திகள் இருக்கின்றன அல்லவா, சுண்டுவிரலால் மீட்டுவார்களே, அந்த வேலைதான் இதுவும். சுருதியும் தாளமும் ஒரே தந்தியில். இங்கே அதைக் கட்டைவிரல் செய்கிறது, அதுவும் தாளத்துக்கு இடையிடையே புகுந்து புகுந்து.

சுருதி எப்படிச் சேர்ப்பது?

வழக்கமானது "ஓபன் ஜி". ஐந்தாவது தந்தியிலிருந்து சொன்னால் உச்ச ஜி, பிறகு கீழ் டி, ஜி, பி, டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் மேல் ச, கீழ் ப, ச, க, ப என்று வரும், அந்தர காந்தாரம். அதாவது இடது கையை எடுத்துவிட்டு வெறுமனே மீட்டினாலே ஒரு மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) கேட்கும். முதல் நாளே ஏதோ வாசித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் இதில் கிடைக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

அமெரிக்காவின் பழைய அப்பலாச்சிய மலைப்பாட்டு வாசிக்கிறவர்கள் பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது தந்தியை மட்டும் பி-யிலிருந்து சி-க்கு ஏற்றினால் "சாமில்" சுருதி. காந்தாரம் போய் மத்யமம் வந்துவிடும், சட்டென்று ஒரு சோகமும் புழுதியும் சேர்ந்த நிறம் கிடைக்கும். "டபுள் சி" என்று இன்னொன்று, உச்ச ஜி, பிறகு சி, ஜி, சி, டி. பாட்டை வேறு கட்டைக்கு ஏற்ற, தந்திகளைக் கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிற காப்போ என்ற கவ்வியைப் போடும்போது ஐந்தாவது தந்திக்கு அது எட்டாது. அதற்காகப் பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற குட்டி ஆணிகளை ஏழாவது, ஒன்பதாவது மெட்டுக்குப் பக்கத்தில் அடித்து, தந்தியை அதன் கீழே செருகிக்கொள்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிளாஹாமர் என்கிறார்கள், மூன்று விரல் என்கிறார்கள், இரண்டும் ஒரே பாஞ்சோவா?

வாத்தியம் ஒன்று, வலது கை வேறு. ஒரே பாஞ்சோவை இரண்டு பேர் கையில் கொடுத்தால் இரண்டு வாத்தியம் கேட்கும்.

கிளாஹாமர் பழையது. கையைப் பூனை நகம் போல வளைத்து வைத்துக்கொண்டு, சுட்டுவிரல் அல்லது நடுவிரல் நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். மேல்நோக்கி இழுப்பதே கிடையாது. கை கீழே இறங்கும்போதே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் போய் உட்கார்ந்துவிடும், கை மேலே எழும்போது அதைத் தட்டிவிட்டு வரும். முதலில் ஒரு தந்தித் தட்டல், அடுத்து எல்லாத் தந்தியையும் வருடல், அப்புறம் கட்டைவிரல். "தீம், தக... தீம், தக..." தட்டலுக்கு ஒரு முழு அடி, வருடலுக்கும் கட்டைவிரலுக்கும் ஆளுக்கு அரை அடி. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் கதவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில், பால் காய்வதற்காகக் காத்திருந்த நேரத்தில், சும்மா கை போட்டபோது தானாக ஓடியது. மணிக்கட்டு யோசிப்பதை நிறுத்தினால்தான் வரும்.

மூன்று விரல் பாணி என்றால் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். 1924-இல் வட கரோலினாவில் பிறந்தவர். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று மூன்று விரலால் வாசிக்கிறவர்கள் அந்தப் பகுதியில் முன்பே இருந்தார்கள், அதை யாரும் அசைக்க முடியாத வேகத்துக்கும் தெளிவுக்கும் கொண்டுபோனது இவர். 1945 டிசம்பரில் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார், இன்று ப்ளூகிராஸ் என்று நாம் சொல்கிற அமெரிக்கக் கிராமிய இசையின் ஒலி அதற்குப் பிறகுதான் முழுமை அடைந்தது. சினிமாவில் கிராமத்துக் கார் துரத்தல் வரும்போது பின்னால் கடகடவென்று ஓடுமே, அது இந்தப் பாணி.

அதில் "ரோல்" என்றால் என்ன?

எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு சுழற்சி. மூன்று விரலும் ஒரு ஒழுங்கில் சுற்றிவரும், அடுத்தடுத்த இரண்டு ஸ்வரம் ஒரே தந்தியில் விழாது. இதிலே எனக்குப் பிடித்தது "ஃபார்வர்டு ரோல்". கட்டை-சுட்டு-நடு, கட்டை-சுட்டு-நடு, கட்டை-நடு. எண்ணிப் பாருங்கள், மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக! ஆங்கிலப் புத்தகத்தில் இதை விளக்க ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள், கொன்னக்கோல் நாலு பாடம் போனவர்களுக்கு ஒரு மூச்சில் வந்துவிடும். கட்டைவிரல் ஒன்று விட்டு ஒன்று வருகிற இன்னொரு ரோல் இருக்கிறது, அது வெறும் தகதிமி தகதிமி, கற்கும்போது அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

ரோல் ஏன் வேண்டியிருக்கிறது என்றால், முதலில் சொன்ன அந்த மௌனம்தான். ஸ்வரம் நிற்காது, ஆகவே இடைவெளியே விடாமல் ஸ்வரங்களைக் கொட்டி நிரப்பு. பாட்டின் மெட்டு அந்த எட்டில் இரண்டு மூன்று இடத்தில்தான் இருக்கும், மீதியெல்லாம் நிரப்பல். கேட்கிறவர் காதில் மெட்டு தனியாக எழுந்து நிற்க வேண்டும். வேகம் வந்தபிறகும் பலருக்கு வராத இடம் இது.

விரலில் மாட்டுகிற அந்த இரும்பு நகம் கட்டாயமா?

ப்ளூகிராஸுக்கு ஆமாம். கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக், மற்ற இரண்டு விரலுக்கும் உலோகம். நகத்தின் மேல் மாட்டக் கூடாது, விரலின் உள்பக்கம், சதைப் பக்கம் வர வேண்டும். எல்லோரும் முதலில் திருப்பித்தான் மாட்டுவார்கள், நானும்தான். கிளாஹாமருக்கு இது வேண்டாம், சொந்த நகம் போதும். பாத்திரம் தேய்த்து நகம் உடைந்த வாரம் வாசிப்பும் உடையும்.

நான்கு தந்திப் பாஞ்சோவில் எதை எடுத்துக்கொள்வது, டெனரா பிளெக்ட்ரமா?

எந்த இசை உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. இரண்டிலும் குட்டைத் தந்தி கிடையாது, இரண்டையும் பிளெக்ட்ரம் என்கிற சின்ன மீட்டுத் துண்டை வைத்துத்தான் வாசிப்பார்கள்.

பிளெக்ட்ரம் பாஞ்சோ என்பது ஐந்து தந்திப் பாஞ்சோவின் குட்டைத் தந்தியைக் கழற்றியது மாதிரி. அதே நீளக் கழுத்து, 22 மெட்டு, சி, ஜி, பி, டி. டெனர் அதைவிடக் குட்டை, 17 அல்லது 19 மெட்டு. 1910-ஐ ஒட்டிய வருடங்களில் வந்தது. சி, ஜி, டி, ஏ என்று வயோலா மாதிரி சுருதி. 1920-களின் ஜாஸ் குழுக்களில் தாளக் கார்டு அடித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இதுதான். காரணம் எளிது, அன்று மேடையில் மைக் இல்லை, ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் ஊதுகிற இடத்தில் கிட்டார் வாசித்தால் வாசிக்கிறவருக்கே கேட்காது. மைக்கும் வந்து, கிட்டாரும் சத்தமாகச் செய்யப்பட ஆரம்பித்ததும் 1930-களில் பாஞ்சோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அயர்லாந்தில் டெனருக்கு இரண்டாம் பிறவி. அங்கே ஜி, டி, ஏ, ஈ என்று, வயலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். இந்தச் சுருதியைப் பரப்பியதில் டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னாவுக்குப் பெரிய பங்கு. வயலின்காரர் வாசிக்கிற மெட்டை ஸ்வரத்துக்கு ஸ்வரம் கூடவே வாசிக்க வேண்டும், கார்டு இல்லை, நிரப்பல் இல்லை. மௌனத்துக்கு இவர்கள் சொல்கிற பதில் "ட்ரிப்லெட்". ஒரு ஸ்வரம் நிற்கவேண்டிய இடத்தில் பிளெக்ட்ரத்தைக் கீழ்-மேல்-கீழ் என்று மூன்று முறை படபடவென்று அடித்துவிட்டுப் போவது. மாண்டலினோ வயலினோ வாசிக்கிறவர் என்றால் ஐரிஷ் டெனர்தான் உங்களுக்கு மிகக் குறுகிய வழி, விரல் வரிசை ஏற்கனவே தெரியும்.

ஆறு தந்திப் பாஞ்சோ உண்டா?

உண்டு. கிட்டார் கழுத்து, கிட்டார் சுருதி, உடம்பு மட்டும் பாஞ்சோ. கிட்டார்காரர்களுக்குக் குறுக்கு வழி. பாஞ்சோக்காரர்கள் இதைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள், ஆனால் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழுவில் ஜானி செயின்ட் சிர் வாசித்தது இந்த ரகம்தான், ஆகவே ஏளனத்தை அடக்கி வாசிப்பது நல்லது. இதைத் தவிர யூக்குலேலேக்கு பாஞ்சோ உடம்பு, மாண்டலினுக்கு பாஞ்சோ உடம்பு என்று கலப்பினங்கள் நிறைய இருக்கின்றன. நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் தன் வசதிக்குக் கழுத்தை நீட்டி மூன்று மெட்டு சேர்த்துச் செய்துகொண்ட நீளக் கழுத்துப் பாஞ்சோ தனி ரகமாகவே நிலைத்துவிட்டது.

பின்பக்கம் சிலதில் மூடி இருக்கிறது, சிலதில் திறந்திருக்கிறதே?

மூடி வைத்தது ரெசனேட்டர். பின்னால் போகிற ஒலியைத் திருப்பி முன்னால் தள்ளும், ப்ளூகிராஸுக்கு அதுதான். உள்ளே கனமான உலோக வளையமும் சேர்ந்தால் நாலைந்து கிலோ வரும், நின்றுகொண்டு வாசித்தால் இரவு தோள்பட்டை தன் கதையைச் சொல்லும். திறந்தது இலேசு, சத்தமும் மென்மை, கிளாஹாமருக்கு ஏற்றது.

இது அமெரிக்க வெள்ளைக்காரர்களின் கிராமத்து வாத்தியம்தானே?

சினிமா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது, ஆனால் தப்பு. பாஞ்சோவின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொண்ட வாத்தியம் இது. சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல், ஒரு கம்பு. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1680-களின் கடைசியில் ஜமைக்காவில் பார்த்ததை 1707-இல் வெளியான தன் புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கிறார். செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒரு வாத்தியம் இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கை உடம்பு, மூன்று தந்தி, அதில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டைத் தந்தி. அதை வாசிப்பதும் நகத்தால் கீழ்நோக்கித் தட்டித்தான், கிளாஹாமரே.

ஐந்தாவது தந்தியைக் கண்டுபிடித்தவர் வெர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி என்று ஒரு கதை ரொம்ப நாள் ஓடியது. ஸ்வீனி பிறந்தது 1810-இல். தென் கரோலினாவில் 1785-90 வாக்கில் வரையப்பட்ட, ஒரு தோட்டத்து அடிமைகள் ஆடிப்பாடுகிற நீர்வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் மடியில் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ, குட்டைத் தந்தியோடு. கதை அங்கேயே முடிந்தது.

ஸ்வீனி காலத்து வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களிடம் இதைக் கற்றுக்கொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி, அந்தக் கறுப்பர்களையே கேலி செய்து சம்பாதித்தார்கள். 1840-களில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பாஞ்சோவைக் கொண்டுபோனது அந்த மின்ஸ்ட்ரெல் நாடகங்கள்தான். அந்த அவமானம் ஒட்டிக்கொண்ட வாத்தியத்தைக் கறுப்பினத்தவர்கள் பலர் பின்னாளில் கைவிட்டதில் ஆச்சரியம் இல்லை. இப்போது தங்களுடையது என்று அதைத் திரும்பக் கேட்கிறார்கள். ரியானன் கிடென்ஸ் என்ற பாடகி அதில் முன்னால் நிற்கிறவர், 2024-இல் பியான்சே வெளியிட்ட "டெக்சஸ் ஹோல்டெம்" தொடங்கும்போது கேட்கிற பாஞ்சோ அவருடையது.

நம் ராகம் வாசிக்க முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், ஓரளவுக்கு. கமகம்தான் தகராறு. தந்தியை இழுத்து வளைக்கலாம், ஆனால் வளைத்து முடிப்பதற்குள் ஸ்வரம் செத்துவிடும். தோடி, சஹானா பக்கமெல்லாம் போகவேண்டாம். மெட்டே இல்லாத கழுத்துள்ள பாஞ்சோ இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. மோகனம் மட்டும் ஓபன் ஜி-யில் அழகாக உட்காரும், திறந்த தந்திகள் ச, க, ப எல்லாமே ராகத்துக்குள் இருப்பதால் எதைத் தட்டினாலும் அபஸ்வரம் வராது. சாமில் சுருதிக்கு மாற்றினால் ச, ம, ப. மத்தியமாவதி வாசித்துப் பாருங்கள், அப்பலாச்சிய மலையும் திருவையாறும் அரை நிமிடம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இங்கே தந்தியும் தோலும் கிடைக்குமா?

பாஞ்சோ தந்தி என்று கேட்டால் பல கடைகளில் விழிப்பார்கள். பாஞ்சோ தந்தியின் நுனியில் குண்டு இருக்காது, சுருக்கு மட்டும் இருக்கும். கிட்டார் தந்தி வாங்கி நுனியிலிருக்கிற பித்தளைக் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிட்டால் சுருக்கு மிஞ்சும், வேலை முடிந்தது. முதலும் ஐந்தாவதும் ஒரே தடிமன், 9 அல்லது 10 கேஜ், அதனால் அதையே கூடுதலாக வாங்கி வையுங்கள், முதலில் அறுவதும் அதுதான்.

தோல் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கன்றுத்தோல் போட்ட பழைய பாஞ்சோ கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் ஐப்பசி மழையில் கஞ்சிரா தொளதொளத்துப் போகிற மாதிரி இதுவும் போகும். பிளாஸ்டிக்கை இறுக்கும்போது ஒரு நட்டுக்குக் கால் திருகு, பிறகு நேர் எதிர் நட்டுக்குக் கால் திருகு என்று போக வேண்டும். நான் ஒரே பக்கம் உற்சாகமாகத் திருகினேன். இரவு பதினோரு மணிக்குத் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், மாடி வீட்டு மாமா இறங்கி வந்துவிட்டார்.

குதிரை அடிக்கடி நகர்ந்துவிடும், பயப்படாதீர்கள். பன்னிரண்டாவது மெட்டின் மேல் விரலை இலேசாக வைத்து மணி போல ஒலிக்கச் செய்யுங்கள், பிறகு அதே மெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்கிற வரை குதிரையை நகர்த்தினால் போதும். தந்தியை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், குதிரை சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அபார்ட்மென்டில் வாசிக்கலாமா?

திறந்த பாஞ்சோ என்றால் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி, பின்பக்கம் தோலுக்கும் குறுக்கே ஓடுகிற கம்பிக்கும் நடுவில் செருகிவிடுங்கள். பெரிய கலைஞர்களே செய்கிற காரியம்தான். சத்தம் குறையும், கூடவே வருகிற தகர ரீங்காரமும் அடங்கும். ரெசனேட்டர் என்றால் குதிரையின் மேல் துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கவ்வ விடலாம். மாடி மாமா இப்போதெல்லாம் இறங்கி வருவதில்லை. போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, "அந்த டிங் டிங்னு வருமே, அதை மட்டும் கொஞ்சம் சுருதி சேர்த்துக்கோ" என்றார். போய்ப் பார்த்தேன், ஐந்தாவது தந்தி இறங்கித்தான் இருந்தது.